சூடான காபிக்கு விண்ணென்று தெறித்த பல், திடீரென்று வலி நின்றுவிட்டது. ரூட் கெனால் வேண்டியிருக்குமா?

பவானிக்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் சொத்தை வந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் அடைத்தேன். போன ஐப்பசியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பக்கம் சுருக்கென்று கூசும். தண்ணீரை விழுங்கிய கையோடு கூச்சமும் போய்விடும். கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசையை வாங்கித் தேய்த்தேன். ஓரளவு கேட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

பத்து நாளாக வேறு மாதிரி. சூடான காபி ஒரு வாய் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. நாலைந்து விநாடி கழித்துக் கிளம்பும். கிளம்பினால் கால் மணி நேரம் விண் விண்ணென்று தெறிக்கும். போன வாரம் மூன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். படுத்தால் அதிகமாகிறது, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. ஐஸ் தண்ணீரை வாயில் அடக்கி வைத்திருந்தால் மட்டும் வலி அடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றிக்கொண்டே ஒரு ராத்திரி முழுவதும் கழிந்தது. மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. காதுக்குள்ளும் குடைந்தது. காது டாக்டரிடம் போனேன். காது சுத்தமாக இருக்கிறது, பல்லைக் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பள்ளியில் முழுப் பரீட்சை நெருங்குகிறது, விடுப்பு கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் சாப்பிட்டேன். நேற்றிலிருந்து வலி சுத்தமாக இல்லை. காபி குடித்தேன், ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை கேட்டுவிட்டது, இனி எதற்கு டாக்டர் என்கிறார் வீட்டுக்காரர். பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறார் அத்தை.

என் கேள்வி இதுதான். வலி போய்விட்டதால் பரீட்சை முடியும் வரை ஒரு மாதம் தள்ளலாமா?

தாமிரபரணி | திங்கள், இரவு 10.05

தள்ளாதீர்கள் அக்கா. நீங்கள் எழுதியதில் எனக்கு பயமாக இருப்பது அந்த மூன்று ராத்திரி இல்லை, நேற்றிலிருந்து வலி இல்லை என்கிறீர்களே, அதுதான்.

எனக்கும் இதே போலத்தான் நடந்தது. ஒரு வாரம் தூக்கமில்லை, எட்டாம் நாள் காலையில் எழுந்தால் வலி போன இடம் தெரியவில்லை. கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்து ஈறில் மிளகு அளவு ஒரு கொப்புளம் வந்தது. வலியே கிடையாது. அமுக்கினால் உப்புக் கரிக்கும் தண்ணீர் போல வரும், இரண்டு நாளில் அமுங்கும், பத்து நாளில் மறுபடி வரும். சூட்டுக் கொப்புளம் என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வேறு ஒரு பல்லை அடைக்கப் போனபோது டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். ஊசி போல மெல்லிய ஒரு ரப்பர் குச்சியை அந்தக் கொப்புளத் துவாரத்துக்குள் விட்டு எக்ஸ்ரே எடுத்தார். குச்சி வளைந்து வளைந்து போய் நான் சந்தேகப்பட்ட பல்லுக்கு அடுத்த பல்லின் வேர் நுனியில் நின்றது. பல் செத்து எட்டு மாதமாகிறது, சீழ் வெளியே வர வழி செய்துகொண்டதால்தான் வலிக்கவில்லை என்றார்.

மலைக்கோட்டை பல் மருத்துவர் | திங்கள், இரவு 11.20

நான் திருச்சி பக்கம் பல் மருத்துவம் பார்ப்பவன். இங்கே எழுதியதை வைத்து உங்கள் பல்லுக்கு இதுதான் என்று தீர்ப்பு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் வலியைச் சொன்ன விதம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. என்னிடம் வருபவர்கள் எல்லோரும் இப்படிச் சொன்னால் என் வேலை பாதி குறையும்.

பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் ஒரு சின்ன அறையில் பல் கூழ். ரத்தக் குழாயும் நரம்பும் அதில்தான் இருக்கின்றன. கையில் அடிபட்டால் வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பல் கூழுக்கு அந்த வசதி இல்லை, சுற்றிலும் கல் போன்ற சுவர். கிருமி நெருங்கி அது அழற்சியானால் வீங்க இடமில்லாமல் உள்ளுக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் அந்த அழுத்தம் இன்னும் ஏறும். ராத்திரியில் பல்வலி கொல்வதற்குக் காரணம் அதுதான்.

வலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை விட, எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நாங்கள் கவனிப்போம். குளிர்ந்தது, இனிப்பு பட்டால் சுருக்கென்று கூசி, அது விலகிய சில விநாடிகளில் போய்விட்டால் கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தால் போதும். ஐப்பசியில் நீங்கள் அநேகமாக அங்கேதான் இருந்திருப்பீர்கள். சூடோ குளிரோ விலகிய பிறகும் வலி அரை நிமிடம், அதற்கும் மேல் என்று நின்றால், எதுவும் படாமலே தானாகக் கிளம்பினால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், கூழ் மீளாத நிலைக்குப் போய்விட்டது என்று சந்தேகிப்போம். அந்தக் கூழை எடுத்துவிட்டு, வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து நிரப்புவதுதான் ரூட் கெனால். அதற்கும் அடுத்த கட்டத்தில் சூடு வலியைக் கிளப்பும், குளிர் அடக்கும். தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்து ஒவ்வொரு மிடறாக வாயில் அடக்கிக்கொண்டே உள்ளே வருபவரைப் பார்த்தால், வாயைத் திறப்பதற்கு முன்பே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

எந்தப் பல் என்று தெரியாததும் இதில் சேர்ந்ததுதான். பல் கூழில் இருக்கும் நரம்புக்கு வலியைச் சொல்லத் தெரியும், இடத்தைச் சொல்லத் தெரியாது. கீழ்க் கடைவாய்ப்பல் வலி காதுக்குப் போகும், மேல் கடைவாய்ப்பல் வலி நெற்றிப்பொட்டுக்குப் போகும். இடது பல்லின் வலி வலது பக்கம் தாண்டுவது மட்டும் நடக்காது. அழற்சி வேர் நுனியைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான், மென்றால் வலிக்கிறது, பல் உயர்ந்தது போல இருக்கிறது, இதோ இந்தப் பல்தான் என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

இனி வலி நின்ற விஷயம். அப்படித் தெறித்த பல் இரண்டு நாளில் ஓய்ந்துபோனால், கூழ் செத்திருக்க வாய்ப்பு அதிகம். செத்த நரம்பு வலிக்காது. ஆனால் செத்துப்போன திசு கிருமிக்கு நல்ல இடம். அங்கே தங்கிப் பெருகி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். தாமிரபரணிக்கு நடந்தது அதுதான். அது எப்போது வீக்கமாக வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பரீட்சைத் தேதி அதற்குத் தெரியாது. இந்த வாரமே ஒரு மாலை போய்க் காட்டுங்கள்.

பவானிக்கரை | செவ்வாய், காலை 6.15

நன்றி டாக்டர். படித்துவிட்டு வீட்டுக்காரரிடமும் காட்டினேன். ஒரு சந்தேகம். கூச்சம் அதிகமாகிறதே என்று தை மாதம் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். எக்ஸ்ரேயில் தெரியாதா?

மலைக்கோட்டை பல் மருத்துவர் | செவ்வாய், மதியம் 1.50

எக்ஸ்ரேயில் கூழ் தெரியாது அம்மா. உயிரோடு இருக்கும் கூழும் அழுகிப்போன கூழும் படத்தில் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும். வேர் நுனியில் எலும்பு கரைந்திருப்பதுதான் எங்களுக்குத் தடயம். அதுவும் அந்த இடத்து எலும்பின் தாதுச் சத்தில் சுமார் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும். பழைய அடைப்பு உலோகமாக இருந்தால் அதற்கு அடியில் இருக்கும் சொத்தையையும் அது மறைக்கும். அதனால் தை மாதம் படம் நன்றாக இருந்தது என்பது அன்றைக்குக் கூழ் நன்றாக இருந்ததற்கு அத்தாட்சி ஆகாது.

படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து ஒவ்வொரு பல்லாக வைப்பார்கள். முதலில் நல்ல பல்லில் வைத்து உங்களுக்குக் குளிர் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சந்தேகப் பல்லுக்கு வர வேண்டும். சட்டென்று தெரிந்து சட்டென்று போனால் நல்லது. தெரிந்து போகாமல் நின்றால் அழற்சி. ஒன்றுமே தெரியாவிட்டால் செத்திருக்கலாம். அப்புறம் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடியால் பல்லை லேசாகத் தட்டிப் பார்ப்பது, ஈறை விரலால் அழுத்திப் பார்ப்பது, எதையாவது கடிக்கச் சொல்வது. இவ்வளவும் பத்து நிமிட வேலை. இதில் ஒன்றுகூடச் செய்யாமல் படத்தை மட்டும் பார்த்து ரூட் கெனால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

மருந்துப்பெட்டி | செவ்வாய், மாலை 4.30

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பல்வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கள் என்று தினமும் பத்துப் பேராவது வந்து நிற்பார்கள். ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடு, அதுதான் கேட்கிறது என்பார்கள். சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை என்று நான் நிறுத்தியதில் வாடிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும்.

ஆன்டிபயாடிக் ரத்தத்தில் போகிற மருந்து. கூழ் செத்த பல்லுக்குள் ரத்தமே போகாது, மருந்து எப்படிப் போகும்? கூழ் உயிரோடு வலிக்கும் கட்டத்திலும் அந்த வலிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்வதில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பல்லுக்கு நேரடியாகச் சிகிச்சை செய்ய வழியிருக்கும்போது, மற்றபடி ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்த மாதிரி பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் கதை வேறு, அதை டாக்டர் முடிவு செய்வார்.

டாக்டரைப் பார்க்கும் வரை தாங்குவதற்கு ஐபுபுரூஃபனும் பாரசிட்டமாலும் சேர்ந்தது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், டெங்கு சந்தேகம் உள்ளவர்கள் ஐபுபுரூஃபனைத் தொடவே கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் இடுக்கில் வைத்து ஈறு வெந்துபோய் வெள்ளையாக உரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அதில் இருக்கும் யூஜெனால் என்ற பொருளின் வேலை அது. அந்தத் தைலத்தையும் பஞ்சில் நிறைய நனைத்து வைத்தால் ஈறு புண்ணாகும்.

கொல்லிமலைச்சாரல் | செவ்வாய், இரவு 8.10

எங்கள் ஊரில் பாட்டி கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்வார். பல்லில் இருக்கும் புழு விழுந்துவிடும் என்பார். எனக்கே பத்து வயதில் செய்திருக்கிறார்கள். வலி அன்றைக்குக் குறைந்தது உண்மை. அந்தப் பல் இன்று இல்லை என்பதும் உண்மை. பாட்டியைக் குறை சொல்லவில்லை, பக்கத்தில் பல் டாக்டர் என்று ஒருவர் அப்போது கிடையாது. சொத்தை புழுவால் வருவதில்லை, கிருமி சர்க்கரையைத் தின்று கக்கும் அமிலத்தால் வருகிறது என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறேன்.

மாங்கனிநகர் | செவ்வாய், இரவு 9.00

எல்லோரும் ரூட் கெனால் பக்கமே பேசுவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். எனக்கு மேல் வரிசையில் இடது பக்கம் நாலு பல் சேர்ந்தாற்போல வலித்தது. மென்றால் வலி. தட்டினால் வலி. ரூட் கெனால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு போனேன். டாக்டர் குளிர் வைத்துப் பார்த்தார், நாலு பல்லும் நல்ல பல் போலவே பதில் சொன்னது. குனிந்து செருப்பு வாரைப் போடுங்கள் என்றார். குனிந்தேன், கன்னம் முழுவதும் கனத்து வலித்தது. ஒரு வாரமாகச் சளி இருக்கிறதா என்றார். இருந்தது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர், கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்று அறையின் தரையை ஒட்டியே இருப்பதால், சைனஸ் வீங்கினால் பல் வலிக்கும் என்று சொல்லி, பல்லில் கை வைக்காமல் காது மூக்கு டாக்டரிடம் அனுப்பினார். பத்து நாளில் சரியானது. அந்த டாக்டர் நினைத்திருந்தால் நாலு பல்லையும் துளைத்திருக்கலாம். எங்கே பார்த்தாலும் அவருக்குக் கும்பிடு போடுகிறேன்.

மலைக்கோட்டை பல் மருத்துவர் | செவ்வாய், இரவு 10.30

மாங்கனிநகர் எழுதியது மிகவும் முக்கியம். பல் வலித்தாலே ரூட் கெனால் என்று ஆகிவிடக் கூடாது. புதிதாக அடைத்த பல் கடித்தால் வலிக்கிறது என்றால் அடைப்பு கொஞ்சம் உயரமாக இருக்கலாம், தேய்த்துச் சமன் செய்தால் போதும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தாலும் கூசும். கடைசிப் பல் முளைக்கும் இடத்தில் ஈறு மூடியிருந்து வாய் திறக்க முடியாமல் வலித்தால் அது ஞானப்பல் தொல்லை. முகத்தில் காற்று பட்டாலே, பல் தேய்த்தாலே, மின்சாரம் தாக்கியது போல ஒரு கணம் வெட்டி நிற்கும் வலி நரம்புக் கோளாறாக இருக்கலாம். அதற்காக வரிசையாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டும் வலி போகாமல் வந்தவரைப் பார்த்து மனம் கனத்திருக்கிறது.

விரிசல் விட்ட பல் கண்டுபிடிக்கச் சிரமமானது. கறி எலும்பு, கொட்டைப் பாக்கு, இறுகிப்போன சீடை இவற்றைக் கடித்த பழக்கம் இருக்கும். கடிக்கும்போதை விட, கடித்த வாயை எடுக்கும்போதுதான் பெரும்பாலும் சுளீரென்று வெட்டும். விரிசல் கூழ் வரை போகாவிட்டால், பல்லின் மேல் தொப்பி போல மூடும் கேப் போட்டுக் காப்பாற்றலாம். கூழைத் தொட்டுவிட்டால் ரூட் கெனால். வேரோடு பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கடற்கரைச்சாலை | செவ்வாய், இரவு 11.05

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அண்ணனுக்கு இடது கீழ்த்தாடை வலி, மாடிப்படி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போகும். ஒரு மாதம் பல்வலி என்றே நினைத்தார். இதயத்தில் அடைப்பு. உழைத்தால் வந்து ஓய்ந்தால் போகும் தாடை வலியோடு வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் பல் டாக்டரைத் தேடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

நொய்யல்தறி | புதன், காலை 7.45

என் அம்மாவுக்குச் சர்க்கரை. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று வெகு நாளாகச் சொத்தை, வலி வந்து வந்து போகும். போகும்போதெல்லாம் நாங்களும் மறந்துவிடுவோம். போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலையில் கன்னம் லேசாக வீங்கியது. வெள்ளி மாலைக்குள் வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி இரண்டு பக்கமும் மரக்கட்டை போல இறுகிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியாமல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சு குழறியது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார்கள். என் தம்பி கேட்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். அங்கே பார்த்த உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழலை அடைக்கும் வீக்கம் இது, இன்னும் ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்தால் கஷ்டம் என்றார்கள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். பதினொரு நாள் இருந்தோம்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலையை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. பவானிக்கரை சகோதரி, உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மலைக்கோட்டை பல் மருத்துவர் | புதன், காலை 9.10

உங்கள் தம்பி அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறார். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்ததால் அந்த வீக்கத்துக்கு லுட்விக் ஆஞ்ஜைனா என்று பெயர். பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்துதான் தொடங்கும். தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், காய்ச்சல், மூச்சுத் திணறல், கண் மூடும் அளவுக்குக் கன்ன வீக்கம். இவற்றில் எது வந்தாலும் பல் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள், பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை | புதன், மதியம் 12.40

வலியே இல்லாமலும் பல் சாகும் என்பதற்கு என் முன்பல் சாட்சி. பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்டது. உதடு வீங்கியது, பல் ஆடவில்லை, அத்தோடு மறந்தாயிற்று. கல்லூரி போகும் வயதில் அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமானது. கறை என்று நினைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் போட்டோவுக்குப் பல் வெள்ளையாக வேண்டும் என்று போனால், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் பட்டாணி அளவு வட்டமான நிழல். அடிபட்ட அன்றே ரத்த ஓட்டம் அறுந்து கூழ் செத்திருக்கும், அப்புறம் கிருமி மெதுவாகச் சேர்ந்திருக்கும் என்றார்கள். ரூட் கெனால் செய்து ஒரு வருடத்தில் நிழல் மறைந்து எலும்பு வளர்ந்துவிட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது கண் கலங்கியது. பிள்ளைகள் விழுந்து பல்லில் அடிபட்டால், வலி இல்லையென்றாலும் ஒரு முறை காட்டிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் காட்டுங்கள்.

யாழ்வாசகி | புதன், மாலை 5.20

பல்வலியை இங்கே பல்லுக்கொதி என்போம். எனக்கு ஐந்தாம் மாதம், கடைவாய்ப்பல் இரவில் எழுப்புகிறது. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்று குழந்தை பிறக்கும் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். பொறுக்கலாமா?

மலைக்கோட்டை பல் மருத்துவர் | புதன், மாலை 6.00

பொறுக்க வேண்டாம் அம்மா. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பல் சிகிச்சைக்கு வசதியான காலம், நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள். பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசியும், ஈயக் கவசம் போட்டு எடுக்கும் ஒரு சின்ன எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் செய்யலாம். குழந்தைக்குத் தொல்லை தருவது சிகிச்சையை விடக் கிருமியும் காய்ச்சலும்தான். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மாத்திரை எதையும் நீங்களாக எடுக்காதீர்கள்.

பொன்னிநதி | புதன், இரவு 8.30

பிடுங்கிப் போடு என்று பவானிக்கரையின் அத்தை சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் இரண்டும் செய்தவன். ஒரு கடைவாய்ப்பல்லைச் செலவுக்குப் பயந்து பிடுங்கினேன். ஐந்து வருடத்தில் பக்கத்துப் பல் காலி இடத்தில் சாய்ந்தது, மேல் பல் கீழே இறங்கியது, இரண்டுக்கும் நடுவில் சோறு சிக்கி அங்கேயும் சொத்தை. அடுத்த பல்லுக்கு ரூட் கெனாலே செய்தேன். அதற்கு 4500, கேப்புக்கு 5000 ஆனது. வசதி இல்லாதவர்கள் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். சென்னையில் இருப்பது 1953இல் தொடங்கியது. கூட்டம் இருக்கும், பல தடவை அலைய வேண்டும். ஆனால் பேராசிரியர் மேற்பார்வையில் நிதானமாகச் செய்வார்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ரூட் கெனால் செய்த பல்லால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, என் தங்கை அதைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்கிறாள்.

மலைக்கோட்டை பல் மருத்துவர் | புதன், இரவு 10.15

நூறு வருடப் பழைய கதை அது. வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1920களில் ரூட் கெனால் செய்த பல்லை முயலின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்து, உடம்பில் பல நோய்களுக்கு இதுதான் காரணம் என்றார். அதை நம்பி லட்சக்கணக்கில் நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். பின்னால் கட்டுப்பாட்டோடு செய்த ஆய்வுகளில் அவர் சொன்னது நிற்கவில்லை. ரூட் கெனாலால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தங்கையிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பிடுங்கத்தான் வேண்டும் என்ற இடங்களும் உண்டு. வேரோடு பிளந்த பல், கேப் நிற்பதற்குக்கூடச் சுவர் மிச்சமில்லாத பல், எலும்பு முழுவதும் போய் ஆடும் பல். அதை மருத்துவர் சொன்னால் கேளுங்கள். சீக்கிரம் வருபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. கூழின் மேல் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மருந்து வைத்து, வேரில் இருப்பதை உயிரோடு காப்பாற்றும் முறை பெரியவர்களுக்கும் இப்போது செய்கிறார்கள். கூழ் உயிரோடு இருக்கும்போது வந்தால்தான் அது முடியும்.

பவானிக்கரை | வெள்ளி, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். நொய்யல்தறி எழுதியதைப் படித்த பிறகு வீட்டுக்காரரே வண்டியை எடுத்தார்.

டாக்டர் இங்கே எழுதியபடியே செய்தார்கள். இடது பக்கம் குளிர் வைத்தபோது துள்ளினேன். வலது பக்கம் கடைசிக்கு முந்தின பல்லில் வைத்தபோது ஒன்றுமே தெரியவில்லை. வைத்தாயிற்றா என்று கேட்டேன். அந்த நிமிடம் எனக்குள் ஏதோ விழுந்தது போல இருந்தது. தட்டியபோது அந்த ஒரு பல் மட்டும் வலித்தது. படத்தில் பழைய அடைப்புக்கு அடியில் சொத்தை, வேர் நுனியைச் சுற்றிக் கறுப்புக் கோடு கொஞ்சம் அகலம். ஐப்பசியில் வந்திருந்தால் அடைப்பை மாற்றியே முடித்திருக்கலாமோ என்று கேட்டேன். இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

ஊசி போட்டுக் கீழ் உதடு மரத்த பிறகு, வாயை மறைத்து ஒரு ரப்பர் துணியை மாட்டி அந்தப் பல்லை மட்டும் வெளியே எடுத்தார்கள். மூச்சு முட்டுமோ என்று பயந்தேன், முட்டவில்லை. திறந்தபோது கெட்ட வாடை வந்தது. முன் வேரில் இருந்த இரண்டு கால்வாயிலும் எதுவும் தெரியவில்லை. பின் வேரில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்ததாம், அங்கே மட்டும் ஒரு முறை சுருக்கென்றது, இன்னும் கொஞ்சம் மருந்து விட்டதும் போய்விட்டது. சுத்தம் செய்து மருந்து வைத்து மூடியிருக்கிறார்கள். அடுத்த வாரம் நிரப்புவார்கள். இன்றைக்கு மென்றால் லேசாக நோகிறது, பாரசிட்டமால் ஒன்று போதுமாக இருந்தது. காது குடைச்சல் இல்லை.

மலைக்கோட்டை பல் மருத்துவர் | வெள்ளி, இரவு 10.40

மிகவும் மகிழ்ச்சி. அந்த ரப்பர் துணியை மாட்டியது நல்ல அறிகுறி. 1864இல் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்தது. எச்சில் கால்வாய்க்குள் போகாமலும், ஊசி போன்ற கருவியும் கழுவும் மருந்தும் தொண்டைக்குள் விழாமலும் காக்கும். அது இல்லாமல் ரூட் கெனால் செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்த வாரம் நிரப்பப் போகும் பொருளுக்கு கட்டாபெர்ச்சா என்று பெயர். மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். நம் இலுப்பை மரமும் சப்போட்டாவும் அந்த மரத்தின் குடும்பம்தான். நிரப்பியதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைவாய்ப்பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால் கடிக்கும்போது பிளந்துவிடும், இவ்வளவு பாடும் வீண்.

பவானிக்கரை | அடுத்த வெள்ளி, மாலை 6.50

நேற்று நிரப்பியாயிற்று. இலுப்பையின் சொந்தக்காரன் பல்லுக்குள் இருக்கிறான் என்று அத்தையிடம் சொன்னேன், ஊர்க் கோயில் இலுப்பையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பிடுங்கு என்ற பேச்சை எடுக்கவில்லை. அவருக்கும் மேல் பல் ஒன்று சூடுக்கு நின்று வலிக்கிறதாம், எத்தனை விநாடி என்று கேட்டேன், எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வரும் வியாழக்கிழமை கேப்புக்கு அளவெடுக்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அதுவரை நான் இடது பக்கம்தான் மெல்லுகிறேன்.